அழுத்திப் பாருங்க, சிஸ்டர்

என் கையைப் பற்றி எனக்குத் தலைக்கனம் உண்டு. நான் ஊசி போட்டால் வலிக்காது என்று அடிவாரத்து ஊர்களில் பேர். தடுப்பூசி நாளில் பக்கத்து ஊர்க்காரிகள்கூடத் தங்கள் ஊரில் நர்ஸ் இருக்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு, குழந்தை தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் சொன்னால் ஸ்கேனிலும் அதேதான் வரும். "நர்ஸம்மா கை பட்டாலே பாதி சரியாப் போயிரும்" என்பார்கள். முகத்துக்காகச் சொல்வது என்று தெரியும். ஆனாலும் அதைக் கேட்டுவிட்டு போடி பஸ்ஸில் ஏறினால், உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் எனக்குக் கால் வலிக்காது.

அந்தக் கையை வைத்துக்கொண்டு நான் செய்யாமல் விட்ட ஒரு காரியத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். செய்திருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

நான் வேலை பார்ப்பது ஒரு துணை சுகாதார நிலையத்தில். இரண்டே அறை. வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய், அதை ஒட்டி ரோடு. காலையில் விடிந்தும் விடியாமலும் ஏலக்காய்க் காட்டு ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு அந்த ரோட்டில்தான் மலைக்குப் போகும். சாயங்காலம் நாலு நாலரைக்குத் திரும்பி இறங்கும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் நமக்கு மூச்சு முட்டும். முக்கால்வாசிப் பேர் பெண்கள். எனக்கு வேண்டியவர்களும் அவர்கள்தான், என்னைத் தேடி வருகிறவர்களும் அவர்கள்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்களுக்கெல்லாம் பெரிய சைஸ் செல்போன் மாதிரி ஆளுக்கொரு டேப் கொடுத்தார்கள். நோயாளியை உட்காரவைத்து, டேப்பில் பெயரைப் பதிந்து, எங்கோ இருக்கிற டாக்டரை வீடியோவில் கூப்பிட வேண்டும். டாக்டர் கேட்பதற்கெல்லாம் நோயாளி பதில் சொல்ல, நாங்கள் பக்கத்தில் இருந்து பிரஷர் பார்த்து, சளி இருந்தால் நெஞ்சைக் காட்டி, அவர் எழுதுகிற மாத்திரையை எடுத்துக்கொடுக்க வேண்டும். போடியில் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி முடிந்து டீக்கடையில் நிற்கும்போது நான் சொன்னேன்: "இத்தனை வருஷம் படிச்சு சர்வீஸ் போட்டது எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது. செல்போன் ஸ்டாண்டு வாங்கக் காசு இல்லாம நம்மள வச்சிருக்காங்க."

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. ஒருத்திக்கு டீ புரையேறிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் டேப்புக்கு வேலை பார்ப்பதற்கே 'ஸ்டாண்டு டூட்டி' என்று பேராகிவிட்டது. "இன்னைக்கு எத்தனை ஸ்டாண்டு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். நான் போட்ட பேர் என்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

தொடாமல் என்ன வைத்தியம் என்பதுதான் என் கட்சி. கை வைத்துப் பார்க்காமல் காய்ச்சல்கூடத் தெரியாது என்று யாரிடமும் வாதாடுவேன். ஆனால் உள்ளுக்குள் வேறொரு கடுப்பும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி தலைவலி என்று வந்தாள். எட்டு வருஷமாக என்னிடம் வருகிறவள். டேப்பில் டாக்டர் அம்மா முகத்தைப் பார்த்ததும், தனக்கு இரண்டு வருஷமாக வெள்ளைப்படுகிறது, நாற்றம் வருகிறது, வீட்டுக்காரர் பக்கத்தில் படுப்பதில்லை என்று கடகடவென்று கொட்டினாள். எட்டு வருஷத்தில் என்னிடம் மூச்சு விடவில்லை. "ஏன்டி, எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?" என்று பிறகு கேட்டேன். "உங்கள நாளைக்கும் பாக்கணுமே நர்ஸம்மா" என்றாள். தூரத்தில் இருப்பதால் சிலருக்குச் சௌகரியம் என்று எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். எனக்குப் பொறாமைதான் வந்தது.

அந்த டாக்டர் அம்மாவை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. எந்த ஊரிலிருந்து பேசுகிறார் என்பதும் தெரியாது. சின்ன வயது, என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். கண்ணாடி போட்டிருப்பார், பின்னால் ஒரு பச்சைத் திரை தொங்கும். பொறுமைசாலி. அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம், எதையும் சும்மா விடமாட்டார் என்பது. "கண் இமையை இறக்கிப் பாருங்க, சிஸ்டர்." "நாக்கைப் பாருங்க, சிஸ்டர்." "அழுத்திப் பாருங்க, சிஸ்டர். வலிக்குதான்னு கேளுங்க." நான் பார்த்துச் சொல்வதை அப்படியே நம்பி எழுதிக்கொள்வார். இப்போது யோசித்தால் என் கையை அவர் மதித்தார் என்றுதான் தோன்றுகிறது. அப்போது எனக்கு அது ஏவல் மாதிரி இருந்தது. என் மகள் வயதுப் பெண் டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு எனக்கு வேலை சொல்வதா என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் எல்லாவற்றையும் செய்வேன்.

அது ஏலக்காய் எடுக்கும் காலம், மழையும் விடாத காலம். மறுநாள் ஓர் அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எதற்கென்றால், ஆன்லைன் மருத்துவம் எங்கள் நிலையத்தில் எப்படி நடக்கிறது என்று பார்க்க. நானே பக்கெட்டைத் தூக்கி இரண்டு அறையையும் பினாயில் ஊற்றிக் கழுவி, ஈரம் காயத் துணிபோட்டுத் துடைத்திருந்தேன். மேஜைக்கு வெள்ளை விரிப்பு. இடுப்பு விட்டுப்போயிருந்தது. அன்றைக்கு நாலு கேஸ் டேப்பில் பார்த்தாயிற்று. ஐந்தாகக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஜீப்பு வந்து நின்றது.

இறங்கியவள் ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி. தலைப்பிள்ளை. புருஷன், பொண்டாட்டி இருவரும் ஒரே எஸ்டேட்டில் வேலை. போன வாரம் பரிசோதனைக்கு வரவேண்டியவள், வரவில்லை. ஆள் அனுப்பியிருந்தேன், அதனால் வந்திருந்தாள். விரல்களில் ஏலக்காய்க் கறை கறுப்பாக ஏறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் பழைய வேட்டித் துணியைக் கிழித்து இறுக்கமாகச் சுற்றியிருந்தாள். அட்டைக்காகச் சுற்றுவது. அந்தக் காட்டில் மழைக்காலத்தில் இறங்குகிற யாரும் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் தேய்த்து, மேலே இப்படித் துணி சுற்றிக்கொள்வார்கள். அப்படியும் அட்டை ஏறும். துணியை அவிழ்க்கும்போது மடிப்புக்குள்ளிருந்து ரத்தம் குடித்து உருண்ட அட்டைகள் பொத்துப்பொத்தென்று விழும்.

"அங்கனயே நில்லு, ஆத்தா" என்றேன். "தரை இப்பத்தான் கழுவுனது. அட்டை கிட்டை உள்ள விழுந்துறப் போகுது."

அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சரியாக வாசற்படிக்கு வெளியே. பிறகு நானே ஒரு நாற்காலியை எடுத்து வாசலை ஒட்டிப் போட்டு அதில் உட்காரச் சொன்னேன். டேப்புக்கும் அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

பிரஷர் பார்த்தேன். கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பயப்படும் அளவுக்கு இல்லை, விட்டுவிடும் அளவுக்கும் இல்லை. டேப்பில் டாக்டரைக் கூப்பிட்டேன். ஜீப்பு டிரைவர் ஹாரன் அடித்தார். "வெரசா வா ஆத்தா, மழ எறங்குது" என்று சத்தம் போட்டார்.

டாக்டர் அம்மா திரையில் வந்தார். தலைவலி இருக்கிறதா, கண் மங்குகிறதா, குழந்தை துள்ளுகிறதா என்று அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். தலைவலி வரும், போகும், ஜீப்பில் அடிக்கிற பெட்ரோல் வாடைக்காக இருக்கும் என்றாள் அவள். சிறுநீர் பரிசோதனை செய்தாயிற்றா என்று என்னிடம் கேட்டார். அதில் நனைத்துப் பார்க்கிற பட்டை தீர்ந்துபோய் எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை என்றேன். அது உண்மை.

"அப்ப காலைத்தான் நம்பணும், சிஸ்டர்" என்றார். "முன்னங்கால் எலும்பு மேல அழுத்திப் பாருங்க. குழி விழுந்தா இன்னைக்கே தேனி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிருங்க, யோசிக்க வேண்டாம். விழலைன்னா நாலு நாள்ல திரும்ப பிரஷர் பாக்கலாம்."

நான் அவள் காலைப் பார்த்தேன். துணியில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. அவிழ்க்க வேண்டுமென்றால் நான் கீழே உட்கார வேண்டும். டேப்பை அவளிடம் கொடுக்க வேண்டும், அவள் கை கறை. அட்டை விழும். தரை திரும்பக் கழுவ வேண்டும். ஹாரன் இன்னொரு தடவை. இதெல்லாம் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. இதில் ஒன்றுகூட ஒரு காரணம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"இல்ல மேடம். வீக்கம் இல்ல" என்றேன்.

டாக்டர் அம்மா எழுதிக்கொண்டார். "குட். தேங்க்யூ, சிஸ்டர்."

அவள் என்னைப் பார்த்தாள். அண்ணாந்து, கொஞ்ச நேரம். கேள்வி கேட்கிற பார்வை இல்லை. படித்தவர்கள் பேசும்போது புரியாமல் நம்பிக் கேட்பார்களே, அப்படி ஒரு பார்வை. "ஒண்ணுமில்ல ஆத்தா, நல்லா இருக்க. நாலு நாள் கழிச்சு வா" என்று முதுகில் தட்டி அனுப்பினேன். என் கைராசிக் கை அன்று அவளைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் அதிகாரி வந்தார். தரையைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், ஐந்து கேஸ் என்றதும் நன்றாக இருக்கிறது என்றார்.

நாலாம் நாள் அவள் வரவில்லை. ஜீப்பு எங்கள் வாசலைக் கடந்து போனதை நான் பார்த்தேன். மழைக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நாளைக்கு ஆள் அனுப்பலாம் என்று நினைத்தேன். அதையும் செய்யவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம் ஜீப்பு மலையிலிருந்து நேரம் கெட்ட நேரத்தில் இறங்கி வந்து எங்கள் வாசலில் நின்றது. காட்டில் செடிக்கு அடியில் குத்தவைத்துக் காய் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு பிரஷர் ஏறி வலிப்பு வந்திருக்கிறது. பின்சீட்டில் படுக்கப்போட்டிருந்தார்கள். தலை புருஷன் மடியில் இருந்தது. வாயோரம் ரத்தம். எங்களுக்கு அந்த நேரத்துக்கென்று ஓர் ஊசி உண்டு. பெட்டியில் தயாராக இருக்கும். எடுத்துக்கொண்டு ஓடி ஜீப்புக்குள் ஏறினேன். துணிமணியைத் தளர்த்த வேண்டும் என்று யாரோ சொல்லி, அவள் காலில் இருந்த துணியையும் அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். நான் பிடிமானத்துக்காக அவள் காலைப் பிடித்தேன்.

என் விரல்கள் உள்ளே போயின. எடுத்த பிறகும் நாலு விரல் தடமும் அப்படியே இருந்தன. நான் ஊசியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதும் அவை மறையவில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எத்தனையோ காலை அழுத்திப் பார்த்திருக்கிறேன். அந்த நாலு குழியை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. இப்போதும் சப்பாத்திக்கு மாவு பிசைந்து விரலை எடுக்கும்போது சில நாள் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. கூடவே நானும் போனேன். அவள் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை பிழைக்கவில்லை. பெண் பிள்ளை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கையை வீசிக்கொண்டு போகக் கூச்சமாக இருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே பாதம் தெரிந்தது. மெட்டியைக் கழற்ற முடியாமல் வெட்டித்தான் எடுத்திருக்கிறார்கள். இரண்டாம் விரலில் சுற்றிலும் ஒரு வெட்டுத் தடம். புருஷன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"நீங்க மட்டும் அந்த ஊசியப் போடலேன்னா இவளும் இல்ல நர்ஸம்மா" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "ரெண்டு மூணு நாளாவே காலு பொதபொதன்னு இருந்துச்சு. மெட்டி இறுக்குதுன்னா. வா, நர்ஸம்மாட்டக் காட்டுவோம்னு கூப்புட்டேன். இது வீக்கமில்லய்யா, நர்ஸம்மா பாத்து டாக்டர்ட்டச் சொல்லிட்டாக, இது குத்தவச்சு வேல பாக்குற காலுன்னுட்டா. எங்களுக்கு என்ன தெரியும் நர்ஸம்மா?"

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை. அவர் கண்ணைப் பார்க்காமல், "பழத்தக் குடுங்க, தெம்பு வரும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். படியில் இறங்கும்போது என் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏற முடியவில்லை.

இதைவிட வெட்கக்கேடு இதற்குப் பிறகுதான்.

குழந்தை இறந்தால் ஏன், எப்படி என்று ஒரு விசாரணைக் கூட்டம் நடக்கும். எங்கள் வட்டாரத்து நர்ஸ்கள் எல்லோரும் இருந்தோம். டாக்டர் அம்மாவையும் சுவரில் பெரிய திரையில் கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்குப் பச்சைத் திரை இல்லை, ஏதோ வீட்டு அறை மாதிரி இருந்தது. முகம் வாடியிருந்தது. பதிவைப் படித்தார்கள். கால் வீக்கம்: இல்லை.

"சிஸ்டர் அழுத்திப் பாத்துதான் சொன்னாங்க" என்றார் டாக்டர் அம்மா. யாரும் கேட்காமலே சொன்னார். "அன்னைக்கு இல்லாம அப்புறம் வந்திருக்கலாம். ஆனா நான் கேமராவக் காலுக்குக் காட்டச் சொல்லியிருக்கணும். பிரஷர் பார்டர்ல இருந்துச்சு, அன்னைக்கே அனுப்பியிருக்கணும். நேர்ல பாத்திருந்தா நான் விட்டிருக்க மாட்டேன். அது என் தப்புதான்."

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் தொடையைக் கிள்ளினாள். "அப்பவே சொன்னோம்ல. போன்ல வைத்தியம் பாத்தா இப்படித்தான்" என்று காதில் சொன்னாள். பின்வரிசையிலிருந்து மூத்த நர்ஸ் ஒருவர் எழுந்து அதையே சத்தமாகச் சொன்னார். தொட்டுப் பார்க்காத வைத்தியம் வைத்தியமே இல்லை, எங்களை ஸ்டாண்டு மாதிரி வைத்திருக்கிறீர்கள் என்றார். என் வார்த்தை. நான் டீக்கடையில் சிரிப்புக்குச் சொன்னது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். திரையில் டாக்டர் அம்மாவும் தலையாட்டினார்.

பிறகு தாயைக் காப்பாற்றியதற்காக என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். சமயத்தில் ஊசி போட்டதற்காகக் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. பொய் சொன்னது எரிச்சலில், அவசரத்தில் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். எழுந்து நின்றதற்கு என்ன சொல்வது? கும்பிடு வேறு போட்டேன்.

தொடாமல் விட்டது டேப் இல்லை, நான். டாக்டர் அம்மா அத்தனை தூரத்திலிருந்து சரியான கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டார். அவருக்குக் கை இல்லை, என் கையைக் கடன் கேட்டார். நான் கொடுக்கவில்லை. கொடுத்ததாகச் சொன்னேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் தோற்றுப்போனது டேப்தான். எங்கள் கட்சி ஜெயித்தது.

அதற்குப் பிறகு டாக்டர் அம்மாவின் குரலில் ஒரு பயம் ஏறிவிட்டது. சாதாரணத் தலைவலிக்கும் தேனிக்கு அனுப்பச் சொல்வார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பெண்கள் போய் நின்றுவிட்டு, ஒன்றுமில்லை என்று திரும்பி வருவார்கள். எதைச் சொன்னாலும், "கேமராவத் திருப்பிக் காட்டுங்க, சிஸ்டர்" என்பார். "நம்ம மேல நம்பிக்கை இல்லாமப் போச்சு" என்று எங்கள் நர்ஸ்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். ஏன் போயிற்று என்று தெரிந்த ஒரே ஆள் நான், வாயை மூடிக்கொண்டு இருப்பேன். ஒரு தடவை கேஸ் முடிந்து அவர் போகும்முன், "மேடம், அன்னைக்கு அந்த ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி..." என்று ஆரம்பித்தேன். அவர் முகம் சட்டென்று மாறியது. "நானும் நினைச்சுட்டேதான் இருக்கேன், சிஸ்டர். நீங்க உங்க வேலையச் சரியாத்தான் செஞ்சீங்க. மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். ஆறுதல் சொன்னார், எனக்கு. நான் வாங்கிக்கொண்டு, சரி மேடம் என்றேன்.

இரண்டு வருஷம் போயிற்று. போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் ஜீப்பு வாசலில் நின்றது. வெளியே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யாரோ கை கழுவுகிறார்கள் என்று நினைத்தேன். நேரம் ஆகியும் சத்தம் நிற்கவில்லை. எட்டிப் பார்த்தேன்.

அவள்தான். வயிறு மேடிட்டிருந்தது. கால் துணி இரண்டையும் அவிழ்த்து உதறிப் படிக்கட்டுக்கு வெளியே சுருட்டி வைத்திருந்தாள். குழாயடியில் நின்று ஒரு காலால் மறுகாலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில்கூட விடாமல் தேய்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் காலைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அட்டை ஒண்ணும் இல்ல நர்ஸம்மா. நல்லாத் தட்டிட்டேன்" என்றாள்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. குத்திக்காட்டினாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. உள்ளே வருவதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்துவிட்டு வந்திருந்தாள், அவ்வளவுதான். அன்றைக்கு நான் எதற்காகக் குனியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருஷமாக நினைவு வைத்திருந்து, இந்தத் தடவை அது நடந்துவிடாமல் தன்னால் ஆனதைச் செய்திருந்தாள்.

"உள்ள வா தாயி" என்றேன்.

நாற்காலியில் உட்காரவைத்துப் பிரஷர் பார்த்தேன். சரியாக இருந்தது. சிறுநீரும் பார்த்தேன். டேப்பைக் கையில் எடுத்தேன். அதே டாக்டர் அம்மா. அவளை அடையாளம் கண்டுகொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். பிறகு எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "காலக் காட்டுங்க" என்றார். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளே குனிந்து, வயிறு இடிக்க, தன் கட்டைவிரலால் தன் முன்னங்காலை அழுத்தினாள். பத்துவரை மனசுக்குள் எண்ணியிருப்பாள், உதடு அசைந்தது. விரலை எடுத்தாள். குழி இல்லை. புது மெட்டியைச் சுற்றிக் காட்டினாள். அது லூசாகச் சுற்றியது.

"சூப்பர்" என்றார் டாக்டர் அம்மா. "தேங்க்யூ, சிஸ்டர்."

நான் செய்ததெல்லாம் டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்ததுதான்.

திரை அணைந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. காலை நீட்டியபடியே, "நீங்களும் ஒருக்காத் தொட்டுப் பாத்துருங்க நர்ஸம்மா. அப்பத்தேன் எனக்கு நெஞ்சு ஆறும்" என்றாள்.

தரையில் உட்கார்ந்தேன். அவள் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஈரம் இன்னும் காயவில்லை. கெண்டைக்காலெல்லாம் பழைய அட்டைக்கடித் தழும்பு. அழுத்தினேன், எடுத்தேன், மறுகாலையும் அழுத்தினேன். இந்தத் தடவை என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"அன்னைக்கு நான் பாக்கல தாயி. பாக்காமலே சொல்லிட்டேன்."

"தெரியும்ல" என்றாள். "எங் காலுதான நர்ஸம்மா."

"அப்புறம் ஏன் வீக்கம் இல்லேன்னு இருந்த? ஏன் வரல?"

வெளியே ஜீப்புக்காரர் ஹாரன் அடித்தார். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"அம்புட்டுத் தூரத்துல இருந்துக்கிட்டு டாக்டரம்மா தொடாமலே பாக்குறாக. நீங்க பக்கத்துலயே இருக்கீக. உங்களுக்கும் தொடாமத் தெரியும்னு நெனச்சேன் நர்ஸம்மா" என்றாள்.

நான் அவள் காலை மடியிலிருந்து இறக்கவில்லை. மறுபடியும் ஒருதரம் அழுத்திப் பார்த்தேன்.